43 விநாடி துண்டிப்பு... 24 மணி நேரத் தலைவலி! சர்வர்களுக்கு வரும் 'ஸ்பிளிட் பிரெயின்' என்றால் என்ன?

ஒரே டேட்டாவை இரண்டு சர்வர்களில் அப்படியே நகலாக வைப்பதுதான் ரெப்ளிகேஷன். ஒன்று படுத்துவிட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஆனால் இரண்டுமே "என்னிடம் இருப்பதுதான் சரி" என்று நின்றால்? அதுதான் 'ஸ்பிளிட் பிரெயின்'.

கிட்ஹப்பில் நடந்தது என்ன?

மென்பொருள் கோடுகளைச் சேமித்து வைக்கும் தளம் கிட்ஹப். 2018 அக்டோபர் 21-ல் பராமரிப்புப் பணியின்போது, அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் உள்ள அதன் டேட்டா சென்டர் இணைப்பு துண்டானது. வெறும் 43 விநாடிதான். அதற்குள் தானியங்கி மென்பொருள், டேட்டாபேஸ் பொறுப்பை மேற்குக் கடற்கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் கடைசியாகப் பதிவானது மேற்கில் இல்லை. மேற்கில் புதிதாக வந்தது கிழக்கில் இல்லை. சேவை முழுசா சீராக 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது. வேகமா மீள்வதைவிட டேட்டா தப்புவதே முக்கியம் என அந்த நிறுவனம் முடிவெடுத்ததே இதற்குக் காரணம்.

டிஸ்க்கிலும் வருமா?

வரும். லினக்ஸ் சர்வர்களில் டிஸ்க்கை நகலெடுக்கும் 'டிஆர்பிடி' மென்பொருளில் இது தெரிந்த சிக்கல். இணைப்பு அறுந்த நேரத்தில் இரண்டு சர்வருமே 'பிரைமரி' ஆகிவிட்டால், மறுபடி இணையும்போது அது கண்டுபிடித்து, தானே இணைப்பைத் துண்டித்துவிடும்.

ஸ்டேட்டஸ் என்ன சொல்கிறது?

* 'கனெக்டிங்': எதிர் சர்வருக்காகக் காத்திருக்கிறது. நெட்வொர்க், ஃபயர்வாலைப் பாருங்கள்.
* 'இன்கன்சிஸ்டென்ட்': அந்த நகல் இன்னும் முழுமையாகவில்லை. சிங்க் முடியும்வரை அதை நம்ப வேண்டாம்.
* 'ஸ்டாண்ட்அலோன்': யாரும் கையால் துண்டிக்கவில்லை என்றால், ஸ்பிளிட் பிரெயினாக இருக்கலாம். கெர்னல் லாக்கில் உறுதி செய்யுங்கள்.

எப்படிச் சரிசெய்வது?

அவசரப்பட்டு கமாண்ட் அடிக்காதீர்கள். முதலில் இரண்டு பக்கமும் பேக்கப் எடுங்கள். எந்தப் பக்கம் சரியான டேட்டா இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். இதை மென்பொருளால் சொல்ல முடியாது, மனிதர்தான் சொல்லணும். பிறகு, தோற்கும் சர்வரை 'செகண்டரி' ஆக்கி, 'டிஸ்கார்ட் மை டேட்டா' ஆப்ஷனுடன் இணைக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் 'ஸ்டாண்ட்அலோன்' என்றால் அதையும் சாதாரணமாக இணைக்கணும். இந்த ஆப்ஷனைத் தப்பான சர்வரில் கொடுத்தால், நல்ல டேட்டா அழிந்துபோகும்.

வராமல் தடுக்க முடியுமா?

மூன்றாவதாக ஒரு சர்வரை நடுவராக வைக்கலாம். பெரும்பான்மை இல்லாத பக்கம் எழுதுவதை நிறுத்திவிடும். இதற்குப் பெயர் 'குவோரம்'. டிஆர்பிடி 9-ல் இந்த வசதி உண்டு.

இன்னொன்று: ரெப்ளிகேஷன் என்பது பேக்கப் இல்லை. ஒரு பக்கம் ஃபைலை அழித்தால், மறுபக்கமும் உடனே அழியும். தனி பேக்கப் கட்டாயம். அது திரும்ப வருகிறதா என்று அடிக்கடி சோதித்தும் பாருங்கள்.