நிறுத்தும் இடம்: உபைது சித்தீக்கியின் ஆய்வும் ஒரு குருதி நோயும்

திருக்குர்ஆனை ஓதப் பழகும் சிறார்க்கு எழுத்துகளின் உச்சரிப்பை அடுத்து நாம் கற்பிப்பது எங்கு நிறுத்த வேண்டும் என்பதையே. நம் நாட்டில் அச்சாகும் முஸ்ஹஃபுகளில் மீம், ஜீம், ஸாத் முதலாகக் காணப்படும் குறிகள், ஹிஜ்ரி 560இல் மறைந்த இமாம் ஸஜாவந்தி வகுத்த முறையைச் சார்ந்தவை. போதையுற்ற நிலையில் தொழுகையை நெருங்கலாகாது என்பது நிஸா அத்தியாயத்தில் வரும் கட்டளை. போதையைச் சொல்லும் பகுதிக்கு முன்னரே ஒருவர் நிறுத்திவிடின், தொழுகையே தடுக்கப்பட்டதாகப் பொருள் திரிந்துவிடும். ஓதிய எழுத்தில் பிழையில்லை. நின்ற இடமே பிழை.

இத்தகைய பிழை மனித உடலிலும் நிகழ்கிறது. மறையில் அறிவியலைத் தேடிக் காட்டும் நோக்கில் இதனைக் கூறவில்லை. விளக்கத்திற்கு உதவும் உவமையாகவே கூறுகிறோம். இப்பிழையை உலகம் அறிந்துகொள்ளத் துணைநின்றவர்களுள் ஒருவர் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மாணவர் என்பதே நம் கட்டுரையின் பொருள்.

உபைது சித்தீக்கி 1932இல் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தில் பிறந்தார். அலிகரில் பயின்றபின் தில்லியில் கோதுமைப் பயிர் பற்றி ஆராய்ந்தார். ஆலங்கட்டி மழை அவர் வளர்த்த பயிரை அழித்தது. அத்துடன் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. கிளாஸ்கோ சென்று, மரபியலறிஞர் போன்டிகோர்வோவிடம் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் ஆலன் காரனுடன் சேர்ந்து ஈ.கோலை என்னும் நுண்ணுயிரை ஆராய்ந்தார்.

டி.என்.ஏ.வில் பொதிந்துள்ள செய்தியை ஆர்.என்.ஏ. படியெடுத்துச் செல்கிறது. அதன் எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்பட்டுப் புரதம் உருவாகிறது. குறிப்பிட்ட ஒரு நொதியை உண்டாக்க இயலாத நுண்ணுயிர்களை அவ்விருவரும் ஆராய்ந்தனர். அவற்றுள் சிலவற்றின் குறையை வேறொரு மரபணு மாற்றம் ஈடுசெய்ததைக் கண்டு, 1962இல் வெளியிட்டனர். பொருள் தராத சொல் ஒன்று இடையில் புகுந்ததே குறைக்குக் காரணம் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. யூ.ஏ.ஜி. என்னும் மூவெழுத்து அத்தகைய நிறுத்தக் குறி என 1965இல் தெளிவாயிற்று. குறையை ஈடுசெய்தது, அக்குறியில் நில்லாது ஓர் அமினோ அமிலத்தை இட்டு வாசிப்பைத் தொடரச் செய்யும் கடத்து ஆர்.என்.ஏ. என்பதும் பின்னர் அறியப்பட்டது.

நுண்ணுயிரில் கண்ட இவ்வுண்மை மனிதரின் நோயையும் விளக்கியது. நம் குருதியின் ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா குளோபின் என்னும் புரதம் 146 அமினோ அமிலங்களால் ஆனது. தலசீமியா நோயாளி ஒருவரிடம் 17ஆம் இடத்திலேயே யூ.ஏ.ஜி. வந்து நின்றுவிட்டதை 1979இல் சாங், கான் ஆகிய இருவர் கண்டறிந்தனர். இந்திய நோயாளிகளுள் சிலரிடம் 15ஆம் இடத்தில் அதே குறி காணப்படுகிறது. இடையில் முறிந்த செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.யைச் செல்லே பெரும்பாலும் அழித்துவிடுகிறது. புரதம் கிட்டாமையால் குழந்தை குருதிச்சோகைக்கு ஆளாகி, நோய் கடுமையாயின் வாழ்நாள் முழுதும் பிறர் குருதியை நாடி நிற்கிறது.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. தாய், தந்தை இருவரும் இக்குறையை மறைவாகச் சுமப்பவராயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தை நோயுறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்பு மிகுதி. மார்க்கம் அனுமதித்த உறவை நாம் குறை கூறவில்லை. நிக்காஹுக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்கிறோம். சவூதி அரேபியா 2004இல் அதனைக் கட்டாயமாக்கியது. நம் ஜமாஅத்துகள் அறிவுரையாகவேனும் சொல்லலாகாதா?

ஹோமி பாபாவின் அழைப்பையேற்று 1962இல் தாயகம் திரும்பிய சித்தீக்கி, பம்பாயில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கினார். பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவி அதன் முதல் இயக்குநரானார். பத்ம விபூஷண் விருதை 2006இல் பெற்றார். பதவிக்காலம் முடிந்தபின்னும் ஈக்களின் மோப்ப உணர்வை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், சாலை விபத்தொன்றில் காயமுற்று 26.7.2013 அன்று மறைந்தார்.

நாம் வாழும் திருவண்ணாமலையில் மீலாதுக் கூட்டமொன்றில், முஸ்லிம் அறிவியலாளர் சிலர் பெயரைக் கூறுமாறு மாணவரைக் கேட்டோம். இப்னு ஸீனா, இப்னுல் ஹைஸம் எனத் தொடங்கி, இடைப்பட்ட நூற்றாண்டுகளைத் தாண்டி, அப்துல் கலாமில் வந்து முடித்தனர். சித்தீக்கியை ஒருவரும் கூறவில்லை. பிழை அவர்களுடையதன்று, நாம் கற்பித்தது அவ்வளவே. முன்னோர் பெருமையைச் சொல்லி நிறுத்திவிடுவதும் தவறான இடத்தில் நிறுத்துவதே. அடுத்த வரியையும் படித்துக் காட்டுவது ஆசிரியராகிய நம் கடன்.