இறைவனுக்கு உகந்த உள்ளம்: தரங்கம்பாடி மரபும் சாதிச் சிக்கலும்

முன்னுரை

கிறிஸ்தவ வாழ்வில் இறைவன் முதலில் நாடுவது மனிதனுடைய உள்ளத்தையே என்பது விவிலியம் பலமுறை வலியுறுத்தும் கருத்தாகும். இஸ்ரவேலுக்கு அரசனைத் தேடிச் சென்ற சாமுவேல், ஈசாயின் மூத்த மகனுடைய தோற்றத்தையும் உயரத்தையும் கண்டு அவனே தகுதியானவன் என எண்ணினான். ஆனால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளைய மகன் தாவீதே தேர்ந்தெடுக்கப்பட்டான். புறத்தோற்றம் மனிதரின் அளவுகோல், உள்ளமே இறைவனின் அளவுகோல் என்பது அக்கதை உணர்த்தும் உண்மை. இக்கருத்து தமிழகத்துச் சீர்திருத்தச் சபையில் எவ்வாறு வேரூன்றியது, சாதி என்னும் சமூக உண்மையை எதிர்கொண்டபோது அதற்கு என்ன நேர்ந்தது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

உள்ளப் பக்தியின் தோற்றம்

ஜெர்மனியில் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லுத்தரன் திருச்சபை கோட்பாட்டு விவாதங்களில் மூழ்கியிருந்தது. அந்நிலையில் 1675-இல் பிலிப் யாக்கோப் ஸ்பெனர், 'பியா டெசிடேரியா' என்னும் சிறு நூலின் வழி, சமயம் என்பது அறிவால் ஏற்கும் கொள்கையன்று, வாழ்ந்து காட்டவேண்டிய நெறி என்றார். அவர் வழிவந்த ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே ஹாலே நகரில் அநாதை இல்லத்தையும் பள்ளிகளையும் நிறுவி அந்நெறிக்குச் செயல்வடிவம் கொடுத்தார். 'பையட்டிசம்' எனப்படும் இவ்வியக்கம் மனமாற்றம், விவிலிய வாசிப்பு, நாள்தோறும் தன்னைத்தானே ஆராய்தல் ஆகியவற்றைத் தன் அடித்தளமாகக் கொண்டது. உள்ளத்தைப் பண்படுத்துதல் அவர்களுக்கு ஒரு நாள் நிகழ்வன்று. வாழ்நாள் முழுவதும் தொடரும் பயிற்சியாகும்.

இச்சூழலில் உருவான பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரடெரிக்கின் ஆதரவுடன் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். தமிழ் கற்ற சீகன்பால்கு 1708-இல் தாம் திரட்டிய தமிழ் நூல்களின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். அதில் 119 தமிழ் நூல்கள் இடம்பெற்றன. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நன்னெறியைத் தமிழருக்குப் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை என்பதை அவர் இவற்றின் வழி அறிந்தார். நன்மையை அறிதல் வேறு, அதை விரும்பும் உள்ளத்தைப் பெறுதல் வேறு என்பதே அவருடைய சமய நிலைப்பாடாக இருந்தது.

இவ்விடத்தில் ஒரு மொழிக் குறிப்பும் தேவைப்படுகிறது. உள்ளம், நெஞ்சம், மனம் எனத் தமிழில் சொற்கள் பல இருப்பினும், சீர்திருத்தச் சபையின் விவிலிய வழக்கில் 'இருதயம்' என்னும் வடசொல்லே பெரிதும் நிலைபெற்றது. எனினும் பாவத்தினின்று மீளுதலைக் குறிக்க 'மனந்திரும்புதல்' என்னும் சொல் வழங்கியது. திரும்புதல் என்பது நடையோடு தொடர்புடைய சொல். திசை மாறியதைப் பிறரும் காண முடியும். அகத்தின் மாற்றம் புறத்திலும் தெரியவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லிலேயே அடங்கியிருப்பதை நாம் உணரலாம்.

இராசநாயக்கன்: ஒரு சோதனை

உள்ளமே முதன்மை எனக் கற்பித்த அதே சபையில் வெவ்வேறு சாதியினர் தனித்தனியே அமர்ந்தனர். சாதி சமூக வழக்கம் மட்டுமே. உள்ளம் மாற மாற அது தானே தளர்ந்துவிடும் என்று மறைப்பணியாளர் பலர் எண்ணினர். இவ்வெண்ணத்தின் விளைவை இராசநாயக்கனின் வரலாற்றில் காணலாம்.

பறையர் குலத்தில் பிறந்து தஞ்சைப் படையில் பணியாற்றிய இராசநாயக்கன், கத்தோலிக்கராக இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நற்செய்தி நூலைப் படித்து லுத்தரன் சபையில் சேர்ந்து, உபதேசியாராகத் தஞ்சைப் பகுதியில் நெடுங்காலம் உழைத்தார். இதற்கிடையே 1733-இல், வேளாள மரபினரான ஆரோன், சீர்திருத்தச் சபையின் முதல் இந்தியக் குருவாக அபிஷேகம் பெற்றார். இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் இராசநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. அவருடைய பக்தியையோ உழைப்பையோ எவரும் குறை கூறவில்லை. ஆயினும் பிற சாதியினர் அவர் கையால் திருவிருந்து பெறமாட்டார்கள் என்ற அச்சத்தால் அவர் விலக்கப்பட்டு, 1741-இல் தியோகு என்பவரே குருவாக்கப்பட்டார்.

சாமுவேலின் கதையோடு இதனை ஒப்புநோக்கின் முரண் தெளிவாகும். தாவீதின் உள்ளம் அண்ணனின் தோற்றத்தை வென்றது. இராசநாயக்கனின் உள்ளமோ பிறப்பின் முன் தோற்றது. அவ்வாறு தோற்கச் செய்தவர்கள் உள்ளப் பக்தியைக் கற்பித்தவர்களே என்பது நம் சிந்தனைக்குரியது.

பந்தியும் பாத்திரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த புதிய தலைமுறையினர் இப்பொறுமையை ஏற்கவில்லை. 1820-ஆம் ஆண்டு முதல் திருநெல்வேலியில் பணியாற்றிய ரேனியஸ், பாளையங்கோட்டையில் தம் மாணவர் அனைவரும் சாதி வேறுபாடின்றி ஒன்றாக உண்ணவேண்டும் என வலியுறுத்தினார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழியவேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். இருக்கையிலும் திருவிருந்துப் பாத்திரத்திலும் பேணப்பட்ட வரிசைமுறை அதன் முதன்மையான இலக்குகளுள் ஒன்று. இதன் விளைவாகச் சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர்.

இப்புதிய போக்கை எதிர்த்தவர்களுள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரும், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய புலவரும், தஞ்சை மன்னர் சரபோஜியின் ஆதரவைப் பெற்றவருமான அவர், 1829-இல் இளைய மறைப்பணியாளரின் செயல்களைக் கண்டித்து எழுதினார். அவர் சுட்டிய குறைகள் நான்கு: பழைய விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றுதல், சாதிகளை வலிந்து ஒன்றாக்குதல், திருமணம் முதலிய விழாக்களில் மலர்களைத் தடுத்தல், வழிபாட்டில் தமிழிசையைத் தடுத்தல்.

இந்நான்கினையும் ஒரே தட்டில் வைத்து நாம் மதிப்பிட இயலாது. மலரையும் இசையையும் தடுப்பது பக்தியை வளர்க்காது என்பதில் சாஸ்திரியார் பக்கம் நியாயம் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவ இசை மரபு இன்றும் அவருக்குக் கடன்பட்டுள்ளது. ஆனால் மலரைச் சூடுவதால் எவரும் இழிவடைவதில்லை. தனி இருக்கையும் கடைசியில் வரும் பாத்திரமும் அருகில் நிற்கும் ஒருவரை இழிவுபடுத்துகின்றன. இவ்வேறுபாட்டை அவருடைய வாதம் கருத்திற்கொள்ளவில்லை.

1850-இல் சென்னையில் கூடிய மறைப்பணியாளர் மாநாடு மேலும் ஒரு படி சென்றது. சாதியை விட்டதற்குச் சான்றாக, எக்குலத்தவர் சமைத்த உணவையும் உண்ண முன்வரவேண்டும் என அது தீர்மானித்தது. உள்ளத்தின் நிலைக்கு உணவே உரைகல்லாயிற்று. திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த கார்ல் கிரவுல் தலைமையிலான லைப்சிக் சங்கம் இதனை ஏற்கவில்லை. சாதி சமூகப் படிநிலையைச் சார்ந்தது; கட்டாயத்தால் உள்ளத்தை மாற்ற முடியாது என்பது அவர்கள் வாதம். வில்சனின் ஆணையை ஏற்காத தஞ்சைக் கிறிஸ்தவர் சிலருக்கு லைப்சிக் சபையே புகலிடமாயிற்று.

இரு வாதங்களின் மதிப்பீடு

கட்டாயம் உள்ளத்தை மாற்றாது என்ற கூற்றை நாம் மறுக்கவில்லை. ஒருநாள் அச்சத்தால் ஒன்றாக உண்டவர் மறுநாள் விலகிச் சென்றதற்கும் சான்றுகள் உள்ளன. ஆயினும் 'உள்ளம் தானே மாறட்டும்' என்று காத்திருந்த காலத்தின் விலையைக் காத்திருந்தவர்கள் செலுத்தவில்லை என்பதை மறத்தலாகாது. 1706 முதல் 1833 வரை ஏறத்தாழ 127 ஆண்டுகள் அப்பொறுமை நீடித்தது. அதன் சுமையைத் தாங்கியவர்கள் கடைசி இருக்கையில் அமர்ந்தவர்களே. உள்ளம் கண்ணுக்குத் தெரியாதது; ஆதலால் அதைக் காரணம் காட்டி எதையும் ஒத்திவைக்க முடிந்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இறைவனுக்கு உகந்த உள்ளத்தை வளர்த்தல் என்பது தனி மனிதனின் அகப்பயிற்சி மட்டுமன்று என்பது புலனாகிறது. செபம், வேதவாசிப்பு, தன்னாய்வு ஆகியவை அதற்கு வேராகலாம். ஆனால் அதன் கனி, அடுத்தவர் அருகில் அமர்ந்து ஒரே பாத்திரத்தைப் பகிர்வதிலேயே காணப்படுகிறது. மலாயாவிற்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் கிறிஸ்தவருள் தரங்கம்பாடி மரபைச் சார்ந்த லுத்தரன் குடும்பங்களும் இருந்தமையால், இவ்வரலாறு இந்நாட்டுத் தமிழரின் வரலாற்றுக்கும் அயலானதன்று. தமிழ் இலக்கிய வகுப்பில் சாஸ்திரியாரைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அவருடைய பாடல்களோடு இராசநாயக்கனின் பெயரையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்துவார்களாயின் அவ்வரலாறு முழுமை பெறும். ஒருவர் தம் உள்ளத்தை அழகுறப் பாடினார். மற்றவரின் உள்ளத்தையோ அக்காலச் சபை அறிந்திருந்தும் ஏற்க அஞ்சியது.