ஆமைக்குஞ்சும் காய்ந்த பெட்டியும்

நில ஆமை என்றாலே வறண்ட நிலத்துப் பிராணி, அதுக்கு ஈரம் ஆகாது, ஈரம் பட்டால் சளி பிடித்துச் செத்துப்போகும். மேற்கு நாடுகளில் ஆமை வளர்த்தவர்கள் பல தலைமுறையாக இப்படித்தான் நம்பினார்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, எப்படி உடைந்தது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். எடுத்த குறிப்புகளைக் கோர்த்து இங்கே தருகிறேன்.

முதலில் பிரச்சினை என்னன்னு பார்த்துவிடலாம். வீட்டில் குஞ்சிலிருந்து வளர்ந்த பல ஆமைகளின் ஓடு, வழவழப்பான வளைவாக இருக்காது. ஒவ்வொரு தட்டும் தனித்தனிக் கூம்பாக மேலே எழும்பியிருக்கும். இதைப் 'பிரமிட் வளர்ச்சி' என்கிறார்கள். வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை இது. ஓட்டின் அடியில் இருப்பது எலும்பு. அதுவும் சேர்ந்துதான் கோணலாகிறது.

இனி 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போவோம். செல்போர்ன் என்ற கிராமத்தில் கில்பர்ட் வைட் என்றொரு பாதிரியார் இருந்தார். இயற்கையைக் கவனித்து எழுதிவைப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம். ரிங்மர் என்ற ஊரில் அவருடைய அத்தை வளர்த்த ஆமையை 1780 மார்ச்சில் தன் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். பெயர் திமோத்தி. (அது பெண் ஆமை என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.)

அந்த ஆமை மழையைக் கண்டால் மிரண்டு ஒதுங்குவதை வைட் வியந்து எழுதியிருக்கிறார். அதே ஆமை குளிர்காலத்தில் மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்வதையும் அதே அக்கறையோடு பதிவு செய்திருக்கிறார். மழைக்கு ஒதுங்கும், ஆனால் மண்ணுக்குள்ளே போகும். இந்த இரண்டில் பின்னால் வந்தவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்தது முதல் பாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு சுவாரசியம் என்னன்னா, ஈரப்பதத்தை அளக்கும் கருவியும் அதே காலத்தில் தயாராக இருந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த சோஸ்யூர், மனிதத் தலைமுடி ஈரக்காற்றில் நீளும், காய்ந்தால் சுருங்கும் என்பதை வைத்து ஓர் ஈரப்பதமானி செய்தார். அதைப் பற்றிய அவரது நூல் 1783இல் வந்தது. அதாவது, திமோத்தி செல்போர்ன் தோட்டத்தில் உலாவிய வருஷங்களிலேயே காற்றின் ஈரத்தை அளக்க முடிந்தது. ஆனால் ஆமைப் பெட்டிக்குள் அப்படி ஒரு கருவி சர்வசாதாரணமாக நுழைய ரொம்ப காலம் ஆனது.

ஏன் தேவைப்படவில்லை? ஏனென்றால் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டனுக்கு வந்தவை காட்டில் பிடித்த ஆமைகள். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து லட்சக்கணக்கில் கொண்டுவந்து விற்றார்கள். குஞ்சுப் பருவத்தைக் காட்டிலேயே கழித்துவிட்டு, நல்ல ஓட்டோடு வந்தவை அவை. பல ஆமைகள் வந்த சில வருஷத்துக்குள் செத்தன. ஆனால் கூம்பு ஓடு பெரிய பேச்சாகவில்லை. 1984இல் ஐரோப்பிய நாடுகள் இந்த வணிக இறக்குமதியைத் தடுத்த பிறகு, வீட்டிலேயே முட்டையிட்டுப் பொரித்த குஞ்சுகளை வளர்ப்பது பெருகியது. அமெரிக்காவில் ஆப்பிரிக்க சுல்காட்டா ஆமைகளும் அப்படித்தான் பெருகின. குஞ்சுகளை எங்கே வைத்தார்கள்? செய்தித்தாளோ முயல் தீவன உருண்டையோ பரப்பிய பெட்டியில், மேலே சூடான பல்பு. உள்ளே சொட்டு ஈரம் கிடையாது. கூம்புகள் எழும்பியதும், புரதம் அதிகமாகிவிட்டது என்று சாப்பாட்டின் மேல் பழி போட்டார்கள்.

வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் வீஸ்னர், ஈபென் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2003இல் வெளியானது. அப்போதுதான் பொரித்த 50 சுல்காட்டா குஞ்சுகள், ஐந்து குழுக்கள், ஐந்து மாதம். ஈரப்பதத்தையும் புரதத்தையும் மாற்றி மாற்றி வைத்து, எழும்பிய மேட்டின் உயரத்தை அளந்தார்கள். வறண்ட பெட்டிகளில் ஈரப்பதம் ஒன்றில் சுமார் 24 முதல் 58 சதவீதம், இன்னொன்றில் சுமார் 31 முதல் 75. ஈரமான பெட்டிகளில் 45 முதல் 99. வறண்டவற்றில்தான் மேடு உயரமாக எழும்பியது. புரதத்தின் பங்கு ரொம்பச் சின்னது. அத்தனை வருஷமாகத் தீனித் தட்டு சுமந்த பழி, காற்றின் மேல் போய் விழுந்தது.

சரி, சுல்காட்டா வாழ்வது சஹாராவின் தெற்கு விளிம்பில்தானே, அங்கே ஏது ஈரம்? இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. வரைபடத்தில் தெரிவது ஊரின் காற்று. ஆமை வெயில் நேரத்தைக் கழிப்பது வளைக்குள். சுல்காட்டா பல மீட்டர் நீளத்துக்குத் தோண்டும். அந்த மண்ணுக்குள் சூடும் குறைவு, ஈரமும் வெளியே இருப்பதைவிட அதிகம். கைக்குள் அடங்கும் குஞ்சுக்கு இது இன்னும் முக்கியம். உடம்பு சிறிசாக இருந்தால் எடையோடு ஒப்பிடும்போது தோல்பரப்பு அதிகம். அதனால் பெரிய ஆமையைவிட வேகமாக வறண்டுபோகும். 'பாலைவனப் பிராணி' என்ற ஒரு சொல்லை நம்பி, வளைக்கு வெளியே உள்ள காற்றைப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள்.

பழைய பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. குளிரும் ஈரமும் சேர்ந்தால் நிஜமாகவே நுரையீரல் நோய் வரும். ஈரத்தைக் கூட்டினால் சூட்டையும் விடக்கூடாது. சுல்காட்டா குஞ்சுக்கு இன்று பலர் வைத்துக்கொள்ளும் கணக்கு: ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி, இரவில்கூட சூடு 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்காமல். பெட்டிக்கு மூடி, ஈரம் தாங்கும் படுக்கை, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம். ஈரப்பதமானியைக் குஞ்சு படுக்கும் உயரத்தில் வைக்க வேண்டும். மேல் மூலையில் மாட்டினால் அது வேறு காற்றின் கதையைச் சொல்லும்.

அந்தப் படுக்கைக்கு அவர்கள் அதிகம் வாங்குவது என்ன தெரியுமா? தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டிகளாக அழுத்திக் கப்பலேறும் அதே சரக்கு.

நம் ஊர் நட்சத்திர ஆமையை நினைத்து யாரும் பெட்டி தேட வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். 2019இல் பன்னாட்டு வணிகத்திலும் அதற்கு உச்சகட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். அதன் ஓட்டில் உள்ள மேடு ஓரளவுக்கு இயற்கையானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; மேடு தெரிந்தாலே வளர்ப்புக் கோளாறு என்று முடிவு கட்ட முடியாது.

ஆனால் சுல்காட்டாவுக்கு அந்தச் சலுகை இல்லை. வறண்ட பெட்டியில் கூம்பாகிப்போன ஓடு, பிற்பாடு எவ்வளவு ஈரம் கொடுத்தாலும் தட்டையாகாது. அதற்குப் பிறகு வளர்வது மட்டும் சீராக வரும். இந்த ஆமைகள் பல பத்தாண்டுகள் வாழ்பவை. காய்ந்த செய்தித்தாளில் வளர்ந்த ஆமைகள் அந்தக் கூம்புகளோடு இன்னும் தோட்டங்களில் நடமாடிக்கொண்டுதான் இருக்கின்றன.