இடுப்பளவுக் கடல்

கரீபியன் கடலில் ஒரு வாரம் சுற்றிவரும் உல்லாசக் கப்பலில் இடம் பதிந்தவருக்கு, கப்பலேறுவதற்கு வெகு முன்பே கரைச் சுற்றுலாப் பட்டியல் வந்து சேர்ந்துவிடும். எந்தத் தீவில் என்ன பார்க்கலாம், எத்தனை மணி நேரம், எவ்வளவு கட்டணம், நீச்சல் தெரிய வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். கிராண்ட் கேமன் தீவுக்கான பக்கத்தைப் புரட்டினால், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதக்கும் ஸ்நார்க்கல் பயணங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே அமைந்திருக்கும். தீவின் வடக்கே, இடுப்பளவு நீரில் திருக்கை மீன்கள் மனிதர் காலைச் சுற்றிவரும் ஒரு மணல்திட்டு அது. ஒரு பயணத்தில் அதோடு பவளப்பாறை சேரும், இன்னொன்றில் ஆமைப் பண்ணை சேரும். திருக்கை மட்டும் விடாமல் வரும். இப்படிப்பட்ட பட்டியலில் பயணி தேர்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? மணல்திட்டின் பழங்கதையைப் பார்த்தால், அதை முன்னுக்குக் கொண்டுவந்ததில் கடலின் அழகுக்கும் பயணியின் ரசனைக்கும் பங்கு குறைவு. கப்பலின் கடிகாரத்துக்கும் நீச்சல் தெரியாதவரின் அச்சத்துக்குமே பங்கு அதிகம் என்று எனக்குப் படுகிறது.

கேமன் தீவுகளுக்கு வெளியுலகம் வைத்த முதல் பெயரே ஒரு கடல்வாழ் உயிரின் பெயர்தான். 1503 மே மாதம் கொலம்பஸின் கப்பல்கள் அந்தப் பக்கம் அடித்துச் செல்லப்பட்டபோது, இரு சிறு தீவுகளைச் சுற்றிக் கடல் முழுக்க ஆமைகள் தெரிந்ததால் அவற்றுக்கு ஆமைத் தீவுகள் என்று பெயரிட்டார்கள். அடுத்த முந்நூறு ஆண்டுகளில் அந்த ஆமைகளைக் கப்பல்காரர்கள் தின்றே தீர்த்தார்கள். உயிரோடு மல்லாத்திப் போட்டால் வாரக்கணக்கில் கெடாத இறைச்சி வேறு எது? சொந்தக் கரையில் ஆமை அற்றுப்போன பிறகு கேமன்காரர்கள் கியூபாவுக்கும், அதற்கப்பால் நிகராகுவா கரையோரத் திட்டுகளுக்கும் பாய்மரக் கப்பலில் போய் ஆமை பிடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்கள் பிறநாட்டுச் சரக்குக் கப்பல்களில் மாலுமிகளாகப் போக, வீட்டுக்கு வந்த அவர்கள் சம்பளம்தான் தீவை நடத்தியது. முதல் உல்லாசக் கப்பல் 1937இலேயே எட்டிப் பார்த்திருந்தாலும், பார்க்க வருகிறவர்களை நம்பிப் பிழைக்கலாம் என்று அப்போது யாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும் கொசு விட்டிருக்காது. கொசுவை ஒழிக்க 1965இல் தனி ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்ட பிறகுதான் மாலையில் வெளியே உட்காருவது சாத்தியமாயிற்று.

திருக்கைகள் மணல்திட்டுக்கு வந்த கதையிலும் கொசு வருகிறது என்பது வேடிக்கை. தீவின் வடபுறத்தில் நார்த் சவுண்ட் என்னும் அகன்ற, ஆழமற்ற காயல் இருக்கிறது. அதன் வாயில் பவளப்பாறைத் தொடர் அலையைத் தடுத்து நிற்பதால் உள்ளே நீர் அமைதியாக இருக்கும். வெளிக்கடலில் மீன்பிடித்துத் திரும்பியவர்கள் பாறைத்தொடரைத் தாண்டியதும் அந்த அமைதியில் நங்கூரமிட்டு, மீனையும் சங்கையும் அங்கேயே கழுவிச் சுத்தம் செய்து குடலையும் கழிவையும் நீரில் எறிந்தார்கள். கரையில் செய்தால் கொசுவும் பூச்சியும் மொய்க்கும் என்பதே காரணம் என்று தீவில் சொல்கிறார்கள். மணலில் புதைந்திருக்கும் சிப்பியையும் நண்டையும் தேடித் தின்னும் திருக்கைக்கு இது உழைக்காமல் கிடைத்த சோறு. படகு இயந்திரத்தின் ஓசை கேட்டால் சாப்பாடு வருகிறது என்று அவை கற்றுக்கொண்டன. மீனவர்களுக்கோ இதில் அதிசயம் எதுவுமில்லை. வாலில் நஞ்சுமுள் உள்ள மீன், கால் வைக்கும் இடத்தில் இல்லாதவரை நல்லது, அவ்வளவே.

அதே ஆண்டுகளில் கடலைப் பார்ப்பதற்கென்றே கடலில் இறங்கும் பழக்கம் உலகில் பரவிக்கொண்டிருந்தது. காலில் மாட்டும் ரப்பர்த் துடுப்புக்கு டி கார்லியூ என்ற பிரெஞ்சுக்காரர் 1933இல் காப்புரிமை பெற்றார். அதை அமெரிக்காவில் ஓவன் சர்ச்சில் 1940இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மூக்கையும் சேர்த்து மூடும் ஒற்றைக் கண்ணாடி முகமூடி மத்தியதரைக் கடற்கரையில் உருவானது. போர்க்காலத்தில் கடற்படை முக்குளிப்பாளர் கையில் தேர்ச்சி பெற்ற இந்தக் கருவிகள் போருக்குப் பின் கடைக்கு வந்தன. கிராண்ட் கேமனில் பாப் சோட்டோ 1957இல் திறந்த முக்குளிப்புக் கடையே கரீபியனில் முதலாவது என்று சொல்லப்படுகிறது. அங்கே வந்தவர்கள் யாருக்கும் மணல்திட்டு தேவைப்படவில்லை. தீவைச் சுற்றிக் கடலடி செங்குத்தாக இறங்கும் பாறைச்சுவர்களும் கடற்பஞ்சுகளும் பெருமீன்களுமே அவர்களுக்கு வேண்டியிருந்தன. காற்றுக் கலன் கட்டி ஆழத்துக்குப் போகத் தெரிந்தவருக்கு இடுப்பளவு நீர் எதற்கு? எனவே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருக்கைகள் மீனவரின் குடலைத் தின்றுகொண்டிருந்தன. முக்குளிப்பாளர்கள் அவற்றைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். என் வாதத்துக்கு இந்த முப்பது ஆண்டு இடைவெளி முக்கியம். இடம் இருந்தது, மீன் இருந்தது, கடலில் இறங்கும் கருவி இருந்தது, ஆளும் இருந்தார்கள். சுற்றுலா மட்டும் இல்லை.

1986 வாக்கில் இரண்டு முக்குளிப்புப் பயிற்சியாளர்கள் அந்தத் திருக்கைகளுக்குக் கையால் கணவாய் ஊட்டிப் பழக்கினார்கள். அடுத்த ஆண்டே ஓர் அமெரிக்க முக்குளிப்பு இதழ் அதைப் படங்களோடு வெளியிட, ஸ்டிங்ரே சிட்டி என்ற பெயர் நிலைத்தது. அந்த முதல் இடம் இரண்டு ஆள் ஆழம், முக்குளிப்பாளருக்கு உரியது. கப்பல் பயணிகள் போனதோ அதிலிருந்து சற்றுத் தள்ளி, நிற்க முடிகிற மணல்திட்டுக்கு. இந்த இடமாற்றத்தைக் கப்பல்களின் வரலாறு இல்லாமல் விளக்க முடியாது. 1966இல் நார்வேஜியன் கரீபியன் நிறுவனத்தின் சன்வர்ட் கப்பல் மயாமியிலிருந்து புறப்பட்டது. 1968இல் ராயல் கரீபியன் தொடங்கியது. 1972இல் கார்னிவல் வந்தது. மயாமியிலிருந்து ஒரு வாரத்தில் போய்த் திரும்பக்கூடிய தீவுகள் இவர்கள் வழித்தடத்தில் மணிபோலக் கோக்கப்பட்டன. ஒவ்வொரு தீவுக்கும் கிடைத்தது ஒரு பகல்.

கிராண்ட் கேமனில் அந்தப் பகலும் முழுசாகக் கிடைக்காது. தலைநகர் ஜார்ஜ் டவுனில் பெருங்கப்பல் அணையும் துறைமேடை இல்லை. கப்பல் கடலில் நிற்க, பயணிகளைச் சிறு படகுகளில் தவணை தவணையாகக் கரைசேர்க்கிறார்கள், திரும்பும்போதும் அப்படியே. இறங்கக் காத்திருக்கும் நேரம், ஏற வரிசையில் நிற்கும் நேரம், பேருந்தில் படகுத்துறை போகும் நேரம் எல்லாம் கழித்தால் கடலுக்கு மிஞ்சுவது இரண்டொரு மணி நேரம். அந்த நேரத்துக்குள் பாட்டியும் பேரனும் நீச்சல் தெரியாத மாமாவும் சேர்ந்து ஏதோ ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். பவளப்பாறை அதற்கு ஒத்துவராது. காற்றடித்தால் நீர் கலங்கும். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தவருக்குப் பயம்தான் மிஞ்சும். எந்த மீன் வரும் என்று வழிகாட்டி வாக்குக் கொடுக்க முடியாது. மணல்திட்டில் கால் தரையில் இருக்கும், கையில் கணவாய் இருந்தால் மீன் தானே வரும், இருபது நிமிடத்தில் புகைப்படமும் முடிந்துவிடும். தீவின் பெயர்பெற்ற ஸ்நார்க்கல் பயணத்துக்கு ஸ்நார்க்கலே தேவையில்லை என்பதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

அமைதியான நீர், வெள்ளை மணல், பழகிய மீன் மூன்றும் சேர்ந்த இடத்துக்குக் கூட்டம் போவது இயற்கைதானே, இதில் கப்பலை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஜார்ஜ் டவுன் படகுத்துறையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஈடன் ராக் என்னும் பவளப்பாறை இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டியே 1944இல் மூழ்கிய காலி என்ற கப்பலின் சிதைவு ஆழமற்ற நீரில் கிடக்கிறது. கரையிலிருந்தே நீந்திப் பார்க்கலாம். பேருந்தும் படகும் வேண்டாம். இயற்கையும் அருகாமையும்தான் தீர்மானித்தன என்றால் கூட்டம் அங்கே அல்லவா குவிந்திருக்க வேண்டும்? அவை இரண்டும் நீந்தத் தெரிந்தவரைக் கேட்கின்றன, மீனை உறுதியளிப்பதில்லை; தவிர, பயணி தானே நடந்துபோகிற இடத்தில் கப்பல் நிறுவனத்துக்கு விற்க ஒன்றுமில்லை. கப்பல் வழியாகப் பதிந்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தானாகப் போனவருக்குக் காத்திருக்காது என்ற ஏற்பாடும் சேர்ந்துகொள்ள, கூடுதல் பணம் கொடுத்தாவது பட்டியலுக்குள்ளேயே இருந்துவிடுவது புத்திசாலித்தனமாகிவிடுகிறது. அந்தப் பயணியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் அதுவே சரியான முடிவு.

இன்னொரு வாதம் திருக்கைகளின் சார்பில் வரும். உயிரோடு இருக்கும் திருக்கை செத்த திருக்கையைவிடப் பல மடங்கு மதிப்புடையதானதால்தானே அவை தப்பின? 2013இல் நிறைவேறிய தேசியப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கப்படும் உயிரினமாக்கியது. நீருக்கு மேலே தூக்கக் கூடாது, காலணியோடு அவை இருக்கும் ஆழமற்ற நீரில் இறங்கக் கூடாது என்றெல்லாம் விதிகளும் உள்ளன. ஆமைக்கு நேர்ந்ததை நினைத்தால் இது சிறிய சாதனை இல்லை. ஆனாலும் காப்பாற்றப்பட்டது எது என்று பார்க்க வேண்டும். அதே 2013இல் வெளியான ஓர் ஆய்வு, மணல்திட்டுத் திருக்கைகளையும் மனிதர் ஊட்டாத திருக்கைகளையும் ஒலிக்கருவி பொருத்திப் பின்தொடர்ந்தது. ஊட்டப்படாதவை இரவில் இரைதேடிப் பரந்த பகுதியில் தனித்தனியாக அலைகின்றன. மணல்திட்டைச் சேர்ந்தவை பகலில் விழித்து, சிறு இடத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவை இனப்பெருக்கம் செய்யும் காலமும் மாறியிருந்தது. இயல்பில் தின்னாத கணவாயை நாளும் தின்பதால் உடலின் கொழுப்பமைப்பே வேறாகியிருப்பதையும், படகுக் காயமும் ஒட்டுண்ணியும் கூடியிருப்பதையும் வேறு ஆய்வுகள் காட்டின. கப்பலின் நேர அட்டவணைக்கு ஏற்ப ஒரு மீன் தன் பகலிரவை மாற்றிக்கொண்டது என்பதைவிட என் வாதத்துக்கு வலுவான சான்றை நான் தேட வேண்டியதில்லை.

என்னைத் தயங்க வைப்பது வேறொரு மறுப்பு. 2006இல் இந்தத் தீவுகளுக்குக் கப்பலில் வந்தவர்கள் சுமார் 19 லட்சம். அப்போது மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டியது. இத்தனை பேரும் பவளப்பாறைகள்மேல் பரவி, துடுப்புக்காலால் உதைத்து, களைத்தால் பவளத்தின்மேல் ஏறி நின்றிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? மணலை எவ்வளவு மிதித்தாலும் அது மணல்தான். கூட்டத்தை மணலில் நிறுத்தி வைத்ததே பாறைகளைக் காத்தது என்பதில் உண்மை இருக்கிறது. அதை மறுக்க என்னிடம் சான்று இல்லை. ஆனால் கணக்கில் பயணியின் காலை மட்டும் சேர்த்தால் போதாது, அவரைக் கொண்டுவந்த கப்பலின் நங்கூரத்தையும் சேர்க்க வேண்டும். 1980களில் ஜார்ஜ் டவுனில் ஒரே கப்பல் ஒரே நாளில் நங்கூரமிட்டு 3,150 சதுர மீட்டர் பவளப்பாறையை அழித்ததாக ஓர் ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. 1986இல் கடற்பூங்காக்கள் அமைக்கப்பட்டு நங்கூரமிடும் இடங்கள் வரையறுக்கப்பட்ட பின்னும் தவறுகள் நடந்தன. 2014இல் ஒரு பெருங்கப்பலின் சங்கிலி பாறையை நொறுக்கியபோது, உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் மூழ்கி உடைந்த பவளத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்தார்கள். மணல்திட்டில் நின்று படம் எடுத்துக்கொண்ட யாருக்கும் தன் பயணத்தின் இந்தப் பகுதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பட்டியலில் நங்கூரத்துக்கு இடமில்லையே.

கடிகாரத்தை வெல்லக் கப்பல் நிறுவனங்கள் இரண்டு வழி கண்டன. ஒன்று, தீவையே தங்களுடையதாக்கிக்கொள்வது. நார்வேஜியன் 1977இலேயே பஹாமாஸில் கிரேட் ஸ்டிரப் கே தீவை எடுத்துத் தொடங்கிவைத்தது. 1998இல் டிஸ்னி திறந்த காஸ்ட்அவே கே தீவின் ஸ்நார்க்கல் குளத்தில், பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு நீர்மூழ்கியையும் மிக்கி, மின்னி சிலைகளையும் மூழ்கவைத்தார்கள். சிலைக்குக் கணவாய் ஊட்ட வேண்டியதில்லை. உறுதியாகப் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்ற தேவை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

இரண்டாவது வழி, துறைமேடை கட்டிக் கப்பலை நேராகக் கரையோடு அணைப்பது. கிராண்ட் கேமனில் இந்தத் திட்டம் பல ஆண்டுகள் இழுபட்டது. கட்டினால் துறைமுகத்தை ஒட்டிய பவளப்பாறைகள் தோண்டப்படும் என்பதால் எதிர்ப்பு எழுந்தது. 2019இல் வாக்காளர்களில் கால்பங்குக்கு மேல் கையெழுத்திட்டு, மக்களே கோரும் பொதுவாக்கெடுப்பை அந்த நாட்டு வரலாற்றில் முதன்முறையாக வரவழைத்தார்கள். வழக்கும் பெருந்தொற்றும் குறுக்கிட, அந்த வாக்கெடுப்பு நடக்காமலே திட்டம் கைவிடப்பட்டது. 2020 மார்ச்சிலிருந்து இரண்டு ஆண்டுகள் கப்பலே வரவில்லை. 2025 ஏப்ரல் 30 அன்று பொதுத்தேர்தலோடு சேர்த்து, துறைமேடை வேண்டுமா என்று மக்களைக் கேட்டபோது பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். கப்பல் வருவதை நம்பிய படகோட்டிகளும் கடைக்காரர்களும் இதற்கு எதிராகப் பேசினார்கள். பெருங்கப்பல்கள் சிறு படகில் ஆளிறக்கும் துறைகளைத் தவிர்க்கும்போது அவர்கள் வருமானம்தான் முதலில் குறையும். அந்தக் கவலை பொய்யில்லை. ஆயினும் ஒரு தீவு, பட்டியலின் வசதிக்காகத் தன் துறைமுகத்தை மாற்றிக்கொள்ள மறுத்திருக்கிறது. பட்டியலில் மணல்திட்டு அப்படியே இருக்கிறது; வருகிற கப்பல்களிலிருந்து பயணிகள் இன்னும் சிறு படகில்தான் இறங்குகிறார்கள்.