செவியின் தோஷம்

1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு இணைந்த நாஞ்சில் நாட்டின் வானொலிச் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர், 1943-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தார் திருவனந்தபுரத்தில் ஸ்தாபித்த நிலையத்தையும், 1950-ல் அதனை அகில இந்திய வானொலி ஏற்றுக்கொண்டதையும், 1984 அக்டோபர் 30-ல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலியாக நாகர்கோவில் நிலையம் உதித்ததையும் வரிசையாகக் கூறுவர். ஒலிபரப்பினவர்களின் அந்தச் சரித்திரத்தோடு, கேட்ட பெட்டியின் சரித்திரத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் விருப்பம்.

1918-ல் ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் பொறியியலாளர் வகுத்த முறைப்படி, வால்வு ரேடியோ தன்னுள்ளே ஓர் அலையை உற்பத்தி செய்து, ஏரியலில் வரும் அலையோடு கலந்து, இரண்டின் வித்தியாசமாகிய 455 கிலோஹெர்ட்ஸை மட்டும் பெருக்கிக் கேட்கும். உள்ளலைக்குக் கீழே 455 தள்ளியுள்ள நிலையம் தரும் வித்தியாசத்தையே மேலே 455 தள்ளியுள்ள நிலையமும் தருமாதலால், சிற்றலையில் ஒரு நிலையம் தன் மெய்யான இடத்துக்கு 910 கிலோஹெர்ட்ஸ் கீழேயும் பிம்பமாக வந்து பேசும். வால்வு சூடேறச் சூடேற உள்ளலை நழுவும். திருகைச் சற்றே திருப்பித்தான் குரலை மீட்கவேண்டும்.

பண்பலை வந்தபோது அந்த வித்தியாசம் 10.7 மெகாஹெர்ட்ஸ் ஆயிற்று. பிம்பம் 21.4 மெகாஹெர்ட்ஸ் தள்ளி விழும். 88 முதல் 108 வரையுள்ள பண்பலைப் பரப்போ 20 மெகாஹெர்ட்ஸ்தான். ஆகவே ஒரு பண்பலை நிலையம் மற்றொன்றின் இடத்தில் பிம்பமாய்த் தோன்ற வழியில்லாது போயிற்று. தோஷம் நீங்கவில்லை, அது விழும் இடம் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டது.

1999-ல் மிட்டோலா என்பார் 'அறிவுணர் வானொலி' என்னும் கருத்தை முன்வைத்தார். உரியவர் மௌனமாயிருக்கும் அலைவரிசையைக் கேட்டறிந்து, அதில் பேசி, அவர் திரும்பியதும் விலகிக்கொள்ளும் யந்திரம் அது. பழைய தோஷங்கள் இங்கே தர்மசங்கடமாகின்றன. பெருக்கி சற்றே பிசகினால், இரண்டு பலத்த அலைகள் கலந்து மூன்றாவது போலி அலையைப் பிறப்பித்து, காலியான அலைவரிசையாகிய தரிசு நிலத்தைப் பயிருள்ள நிலமென்று காட்டிவிடும். உள்ளலை நடுங்கினாலோ, பக்கத்துப் பலத்த அலையின் இரைச்சல் பரவி, மெல்லிய குரலொன்றை மூடிவிட, பயிருள்ள வயலிலேயே ஏர் இறங்கிவிடும்.

அதனால்தான் இன்றைய பொறியியலாளர், யந்திரம் காற்றை அளக்குமுன் தன் பிசகைத் தானே அளந்து கழிக்கும்படி கணிதம் வகுக்கின்றனர். தம் பெட்டியோடு பல்லாண்டு பழகி, முள் நிற்குமிடத்தில் பேசுவது நிலையமா, பிம்பமா என்று கேட்டமாத்திரத்தில் சொல்லிய பழைய ரசிகரின் ஞானமே அக்கணிதத்தின் பூர்விகம் என்று நான் நம்புகிறேன்.