மறைந்துறையும் வன்முறை: சம்பூர்க் காணிகளும் சனாதனனின் தோம்பும்

வன்முறை என்றதும் குருதியும் தீயுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், ஓசையின்றி நிகழும் வன்முறையும் உண்டு. நோர்வே நாட்டுச் சமூகவியலாளர் யொகான் கல்ருங் 1969 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்றில், தாக்கியவர் இன்னாரெனச் சுட்டவியலாதவாறு சமூக அமைப்பினுள்ளேயே உறையும் வன்முறையை 'அமைப்புசார் வன்முறை' எனப் பெயரிட்டு விளக்கினார். போர்க்களத்தின் வரலாற்றை எழுதுதல் எளிது. இவ்வன்முறையின் வரலாற்றை எழுதுதல் அரிது. இதற்குப் புறத்தே தெரியும் காயமும் இல்லை, இன்ன நாளில் நிகழ்ந்ததெனக் குறிக்கும் திகதியும் பெரும்பாலும் இல்லை. இத்துறையில் இக்காலக் கலைஞர் சிலர் வரலாற்றாசிரியருக்கு வழிகாட்டிகளாக விளங்குகின்றனர்.

ஈரானியக் கலைஞர் இருவரை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ஷாதி காதிரியான் 2008 இல் வெளியிட்ட ஒளிப்படத் தொடரொன்றில், பழத்தட்டிலே கனிகளுக்கிடையில் ஒரு கைக்குண்டு கிடக்கின்றது. பெண்ணின் சிவப்புக் காலணிகளுக்கு அருகே போர்வீரனின் சப்பாத்துகள் இருக்கின்றன. போர்க்களம் எங்கும் காட்டப்படவில்லை. ஆயினும், 1980 முதல் 1988 வரை நீடித்த ஈரான் – ஈராக் போரைக் கண்ட நாட்டிலே, போர் வீட்டினுள் குடிபுகுந்தமையை அப்படங்கள் உணர்த்துகின்றன. பரஸ்து பொரூகரின் ஓவியங்களோ தொலைவில் நோக்குவார்க்கு அழகிய கோலங்களாகத் தோன்றும். அணுகி நோக்கின், வதைக்கப்படும் மனித உருவங்களே அக்கோலங்களாக அமைந்திருத்தல் புலனாகும். இவருடைய பெற்றோர் 1998 நவம்பரில் தெகிரான் நகரிலுள்ள தம் இல்லத்திலேயே படுகொலை செய்யப்பட்டோர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. வன்முறை பழகிய பொருளினுள்ளும் ஒழுங்கான வடிவத்தினுள்ளும் மறைந்துறையும் என்பதே இவ்விருவரும் உணர்த்தும் உண்மை.

இவ்வுண்மையை நம் நாட்டு வரலாற்றிலும் காணலாம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்பால் அமைந்த சம்பூர், வயலும் குளமும் கடலும் வாழ்வளித்த ஊர். பத்திரகாளி அம்மன் கோயிலால் பெயர்பெற்றது. அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த இவ்வூர் 2006 ஏப்பிரலில் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று; அவ்வாண்டு செப்ரெம்பரில் அரச படையினர் வசமாயிற்று. மக்கள் வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்புக்கும் ஓடினர். இது யாவரும் அறிந்த வன்முறை. இதன்பின் நிகழ்ந்ததே நம் ஆய்வுக்குரியது.

2007 மே 30 ஆம் திகதி, அவசரகால விதிகளின் கீழ், மூதூர் கிழக்கு – சம்பூர்ப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2009 இல் போர் முடிந்த பின்னரும் மக்கள் ஊர் திரும்ப இயலவில்லை. 2012 இல் மற்றோர் அறிவித்தல், 818 ஏக்கர் நிலத்தைக் கைத்தொழில் வலயமாக்கியது. அதே ஊரில் 500 மெகாவாற்று அனல் மின்நிலையமொன்று அமைக்கவும் திட்டமிடப்பட்டிருந்தது. முன்னர் 'பாதுகாப்பு' என்ற சொல் ஆற்றிய பணியை இப்போது 'அபிவிருத்தி' என்ற சொல் ஆற்றியது. இவ்விடைக்காலத்தில் புதிதாக ஒரு குண்டும் விழவில்லை. ஆயினும், உறுதி வைத்திருந்த விவசாயி கிளிவெட்டி முகாமிலே நிவாரணத்தை எதிர்நோக்கி வாழ நேர்ந்தது. 2015 இல் அந்த 818 ஏக்கரும், 2016 இல் கடற்படை முகாமிருந்த 237 ஏக்கரும் மக்களுக்கு மீளக் கையளிக்கப்பட்டன. அனல் மின்நிலையத் திட்டமும் 2016 இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்பிரலில் அங்கே 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. வர்த்தமானியின் மொழியில் இவையனைத்தும் எல்லைகளும் பரப்பளவுகளுமேயாம். கிணறும் முற்றமும் அதில் இடம்பெறுவதில்லை.

இக்குறையை நிரப்ப முயன்ற கலைப்படைப்பாக, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத்துறை ஆசிரியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட நூலைக் கொள்ளலாம். 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடையது அது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரி திரட்டும் பொருட்டு எழுதிய காணிப்பதிவேடு. ஆள்வோரின் அப்பதிவேட்டு வடிவத்தையே சனாதனன் இழந்தோருக்கு உரியதாக்கினார். அலுவலகக் கோப்பினை ஒத்த அந்நூலில், போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாம் பிரிந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்துள்ளனர். அதனோடு கட்டடக்கலை முறையில் அமைந்த வரைபடமும், ஓவியரின் சித்திரமும் இணைகின்றன. முதலாவது கோடு நடுங்குகின்றது. இரண்டாவது அளவு பிசகாதது. மூன்றாவது இழப்பின் உணர்வைச் சுமக்கின்றது. ஒரே வீடு மூவகையாக எழுதப்படும்போது, அரச ஆவணம் எதனைக் கூறாது விடுகின்றது என்பது தானே வெளிப்படுகின்றது.

அந்நூல் சம்பூரை மட்டும் கருதி எழுந்ததன்று. ஆயினும், சம்பூரின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அது ஒரு முறையியலைத் தருகின்றது. வர்த்தமானி அறிவித்தல்களையும் நீதிமன்ற ஏடுகளையும் திரட்டுதல் ஆய்வின் ஒரு பாதியே. வேலி எங்கே நின்றது, எந்த மரத்தடியில் நெல் அளந்தனர், எக்கிணற்று நீர் நல்லது என்பனவற்றை அறிந்த முதியோரின் நினைவு மறுபாதி. நிலம் மீண்ட பின்னரும் அழிந்த எல்லைகள் தாமாக மீள்வதில்லை. அவற்றை அறிந்தோரும் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். அவர்கள் உள்ளபோதே சம்பூருக்கென ஒரு தோம்பு எழுதப்படல் வேண்டும். அப்பணி கலைஞர்க்கு மட்டுமன்றி வரலாற்று மாணவர்க்கும் உரியதாகும்.