சானடோரியமும் சர்க்கரையும்

தாம்பரம் சானடோரியம் காசநோய்க்காகத் தோன்றியது. இன்று அங்கே சர்க்கரை நோய்க்கும் இடம் உண்டு. டாக்டர் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய அந்த இல்லத்தை 1937இல் அரசு ஏற்றது. ரயில் நிலையத்துக்கும் அதுவே பெயராயிற்று. சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். தமிழ்நாட்டுக் காசநோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. காசநோயாளிக்கு இரத்தச் சர்க்கரையும் பார்ப்பது இப்போது தேசியக் காசநோய்த் திட்டத்தின் நடைமுறை.

ஆனால் சர்க்கரை நோய்க்கான சிகிச்சை முதலில் வேர்பிடித்தது தாம்பரத்தில் அல்ல, வடசென்னையில். டாக்டர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் இதற்கெனப் புறநோயாளர் பிரிவு தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே வந்தது. அந்நாளில் கைகொடுத்தது சிறுநீர்ச் சோதனை. நீல நிறப் பெனடிக்ட் கரைசலில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சினால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என நிறம் மாறும். ஆனால் இரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம். தாழ்சர்க்கரையோ அதில் தெரியவே தெரியாது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு உயிராபத்தான குறை இது.

நோய் பெருகியது. சென்னைப் பெரியவர்களிடம் 1989இல் 8.3 சதவீதமாக இருந்தது 2004இல் 14.3 ஆயிற்று. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரும், மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையும் வழக்கமாயின. சராசரியிலும் ஒரு மயக்கம் உண்டு: பகலில் 300, நள்ளிரவில் 60 என ஊசலாடுபவருக்கும் அது நல்ல எண்ணாக வந்துவிடலாம்.

மேல்கையில் ஒட்டும் சென்சார் இந்தியாவுக்கு 2015இல் வந்தது. தோலடித் திரவத்தின் சர்க்கரையைக் கால்மணிக்கொரு முறை 14 நாள் பதியும். இரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும். காலை இட்லிக்குப் பின் ஏறுவதும், தூக்கத்தில் இறங்குவதும் வரைபடமாகக் கிடைக்கும். நாளில் 70 சதவீத நேரமாவது சர்க்கரை அளவு 70க்கும் 180க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது 2019இல் சர்வதேச நிபுணர்கள் வகுத்த இலக்கு. முதியவர்களுக்குச் சற்றுத் தளர்வு உண்டு.

பதினான்கு நாள் முடிந்தால் புதுச் சென்சார் வாங்க வேண்டும். இன்சுலின் போடுபவருக்கும் அடிக்கடி தாழ்சர்க்கரை வருபவருக்கும் அந்தச் செலவு தகும். மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவருக்கு விரல்நுனிச் சோதனையும், ஆண்டுக்கு இருமுறை ஹெச்பிஏ1சியும் பெரும்பாலும் போதும்.